தீட்டுக்கத்தியும் பாதி பிளேடும்

சலூன் நாற்காலியில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டவனுக்கு எல்லாக் கத்தியும் ஒரே கத்திதான். கழுத்தில் சில்லென்று ஏதோ ஊர்ந்து போகும், படிகாரக் கல் எரியும், எழுந்து காசு கொடுத்துவிட்டு வருவோம். நாற்பத்திரண்டு வயதுவரை நானும் அப்படித்தான். 2020 ஊரடங்கில் சலூன்கள் மூடிக் கிடந்தபோதுதான் சிக்கல் வந்தது. மூன்று பிளேடு, ஐந்து பிளேடு வைத்த பிளாஸ்டிக் ரேசர்கள் என் கழுத்துக்கு ஒத்துக்கொள்ளாது. முடியைத் தோலுக்குக் கீழே போய் நறுக்கும். அது வளரும்போது வழி தெரியாமல் உள்ளேயே சுருண்டு கொப்புளமாகும். சலூன்காரர் கையிலிருந்த ஒற்றை வாய்க் கத்தியில் அந்தத் தொல்லை இருந்ததில்லை. அதை நானே பிடித்துப் பழகினால் என்ன என்று தோன்றியது.

பழக ஆரம்பித்த பிறகுதான், இரட்டைப் பிள்ளைகள் போலத் தெரிகிற இரண்டு கருவிகள் குணத்தில் இவ்வளவு வேறா என்று புரிந்தது. ஒன்று, முதுகிலிருந்து வாய்வரை ஒரே எஃகால் ஆனது. கல்லிலும் தோலிலும் தீட்டித் தீட்டி ஆயுசுக்கும் வைத்துக்கொள்ளும் மடக்குக் கத்தி. அதைத் தீட்டுக்கத்தி என்று வைத்துக்கொள்வோம். இன்னொன்று, அதே மடக்கு உருவம்தான், ஆனால் வாய் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு பிடிப்பு மட்டும் இருக்கும். சாதாரண ஷேவிங் பிளேடை நெடுக்காக இரண்டாக உடைத்து ஒரு பாதியை அதில் செருகவேண்டும். இன்று பாளையங்கோட்டையிலிருந்து பாரிமுனைவரை எந்த சலூனிலும் இருப்பது இதுதான். சலூன்காரர்கள் வெறுமனே ‘கத்தி’ என்றே சொல்வார்கள். நான் பாதி பிளேடு என்கிறேன்.

வீட்டில் பழக நினைப்பவனுக்குக் கிடைக்கும் முதல் புத்திமதி ஒன்று உண்டு. “விலை குறைந்த பாதி பிளேடில் முதலில் கையைப் பழக்கு. கை தேறியதும் நல்ல தீட்டுக்கத்தி வாங்கிக்கொள்.” கேட்கும்போது எவ்வளவு நியாயமாக இருக்கிறது! சைக்கிள் ஓட்டிப் பழகிவிட்டு மோட்டார் சைக்கிளுக்குப் போவது மாதிரி. அதை நம்பித்தான் நானும் இரண்டு மாதம் ரத்தம் சிந்தினேன். இன்று யாராவது கேட்டால் அந்தப் புத்திமதி தவறு என்றுதான் சொல்வேன். ஒன்றில் பழகியது மற்றதற்கு உதவுவதைவிட உபத்திரவமாகவே இருக்கிறது. ஏன் என்று சொல்ல, கருவிகளைக் கையில் எடுத்துப் பார்க்க வேண்டும்.

தீட்டுக்கத்தியின் வாய் சுமார் மூன்று அங்குல நீளம் இருக்கும். அகலத்தை அங்குலத்தின் எட்டில் ஒரு பங்காக எண்ணுவது வழக்கம். எட்டில் ஐந்து, எட்டில் ஆறு என்றே கத்திகளுக்குப் பெயர். இங்கிலாந்தின் பழைய ஷெஃபீல்டு கத்திகள் ஆப்பு போலக் கனமாக இருக்கும். ஜெர்மனியின் சோலிங்கன் பட்டறைகள், பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில், முதுகுக்கும் வாய்க்கும் நடுவே இரண்டு பக்கமும் குழிவாகக் கடைந்து, விரல் நகத்தால் அழுத்தினால் வளைகிற அளவுக்கு மெல்லிய வாய் எடுப்பதில் பெயர் பெற்றன. அப்படிக் கடைந்த கத்தி மயிரை வெட்டும்போது ஒரு சத்தம் எழுப்பும். சொரசொரப்பான தாளை மெதுவாகக் கிழிப்பது போன்ற சத்தம். அந்தச் சத்தத்தைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

இந்தக் கத்தியில் எனக்கு வியப்பைத் தந்தது அதன் முதுகுதான். தடித்த முதுகு வெறும் பலத்துக்கென்றே நினைத்திருந்தேன். இல்லை, அது ஓர் அளவுகோல். முதுகின் தடிப்பு 5 மில்லிமீட்டர், முதுகிலிருந்து வாய்வரை அகலம் 17 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். கல்லின்மேல் முதுகும் வாயும் ஒருசேரப் படும்படி படுக்கவைத்துத் தேய்த்தால், வாயில் விழும் கோணம் தானாகவே ஏறத்தாழ 17 பாகையாக அமைந்துவிடும். சமையலறைக் கத்தியைத் தீட்டுகிறவன் கோணத்தை மணிக்கட்டில் வைத்திருக்க வேண்டும். சவரக்கத்தியைத் தீட்டுகிறவன் அதைப் படுக்கவைத்தால் போதும். தீட்டத் தீட்ட வாய் தேயும்போது முதுகும் கூடவே தேய்வதால், ஐம்பது வருடம் ஆனாலும் கோணம் பெரிதாக மாறாது. தன்னைத் தீட்டும் வித்தையைத் தன் உடம்பிலேயே எழுதிவைத்திருக்கிற கருவி என்று அன்று ராத்திரி வீட்டில் சொன்னேன். “சாப்பாடு ஆறுது” என்று பதில் வந்தது.

கல்லில் தீட்டுவது எப்போதாவது நடக்கிற காரியம். துகள் எண் ஆயிரத்தில் தொடங்கி நாலாயிரம், எட்டாயிரம், பன்னிரண்டாயிரம் என்று நுண்மை கூடிக்கொண்டே போகும் கற்கள் இன்று கிடைக்கின்றன. தினம் மழிப்பவருக்கு இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை கடைசிக் கல்லில் கொஞ்சம் இழுத்தால் போதும். தினசரிக் காரியம் தோல்வாரில். சுவரில் ஓர் ஆணியில் வாரை மாட்டி, மறுமுனையை இடது கையால் இழுத்துப் பிடித்து, கத்தியை அதன்மேல் போய்வரச் செய்யவேண்டும். நாற்பது அல்லது ஐம்பது போக்குவரத்து.

இங்கேதான் முதல் பொறி. கல்லில் வாய் முன்னே செல்லும், முதுகு பின்தொடரும். வாரில் நேர் எதிர். முதுகு முன்னே, வாய் பின்னே. வாரின் கோடியை அடைந்ததும் கத்தியை முதுகின்மேல் புரட்டித் திருப்ப வேண்டும். வாயின்மேல் புரட்டினால் தோல் பிளந்துவிடும். இது தெரியாமல் செய்கிற தவறில்லை. தெரிந்திருந்தும், கை வேகம் பிடித்ததும் செய்கிற தவறு. நான் வாங்கிய வாரின் நடுவில், வந்த நாலாம் நாளே, பிறைநிலா மாதிரி ஒரு வெட்டு விழுந்தது. இன்னும் இருக்கிறது.

வாரில் இழுப்பது எதற்கு? கூராக்க என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். கத்தியின் வாய் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு மெல்லியது. ஒருமுறை மழித்ததும் அது அங்கங்கே மடங்கியும் கோணியும் போகும். வார் அதை நிமிர்த்துகிறது. மயிர் என்பது பிளேடு எஃகைவிட ஐம்பது மடங்கு மிருதுவான பொருள். அப்புறம் எப்படி அது எஃகை மழுக்குகிறது என்ற கேள்விக்கு அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் 2020-இல் ‘சயின்ஸ்’ இதழில் ஒரு விளக்கம் தந்தார்கள். தேய்மானத்தைவிடப் பெரிய காரணம் சிதறல் என்பது அவர்கள் கண்டது. மயிர் வளைந்து கொடுத்து, வாயில் ஏற்கெனவே பலவீனமாக இருக்கிற ஓரிடத்தில் பக்கவாட்டில் அழுத்தும்போது, அங்கே எஃகு துணுக்காகப் பெயர்ந்து விழுகிறது. மடங்கியதை வார் நிமிர்த்தும், பெயர்ந்ததற்குக் கல்தான். வாருக்கும் கல்லுக்கும் வேலைப் பிரிவினை அப்படி.

பழைய நாவிதர்கள் இதை எந்த இதழும் படிக்காமலே செய்துவந்தார்கள். நான் சின்னப் பையனாக இருந்தபோது எங்கள் ஊருக்கு அடைப்பத்தோடு வருவார் ஒரு பெரியவர். அடைப்பம் என்பது நாவிதரின் கருவிப் பை: கத்தி, கத்தரி, சாணைக்கல், படிகாரம், கிண்ணி, கைக்கண்ணாடி. கத்தியைக் கல்லில் இரண்டு இழுப்பு, பிறகு உள்ளங்கையிலேயே நாலு இழுப்பு, கட்டைவிரல் நகத்தில் வைத்து ஒரு சோதனை. கத்தி நகத்தில் வழுக்கினால் மறுபடியும் கல். நகத்தைப் பற்றிக்கொண்டால் போதும் என்று தலையசைப்பார். அந்த வித்தை முழுவதையும் கையில் வைத்திருந்த மனிதரை ஊர் புறவாசலில்தான் நிறுத்திவைத்தது. அவர் உட்கார ஒரு பலகைகூட யாரும் போட்டுப் பார்த்ததில்லை. இன்று அதே வித்தையை ஆயிரக்கணக்கில் செலவழித்து, மரப்பெட்டியில் கற்களை அடுக்கி, பொழுதுபோக்கு என்று பெயர் வைத்துப் பழகுகிறோம். எனக்கு இதில் கொஞ்சம் கூச்சம் உண்டு. கூச்சத்தோடுதான் பழகுகிறேன்.

இனி பாதி பிளேடுக்கு வருவோம். அதன் வம்சாவளி கொஞ்சம் விசித்திரமானது.

கிங் கேம்ப் கில்லெட் என்ற அமெரிக்க விற்பனைப் பிரதிநிதி, தீட்டவே வேண்டாத, மழுங்கியதும் தூக்கிப் போடுகிற மெல்லிய பிளேடு ஒன்றைக் கனவு கண்டார். 1904 நவம்பர் 15 அன்று அவருக்குக் காப்புரிமை கிடைத்தது. அதற்கு முந்தைய வருடம், விற்பனை தொடங்கிய 1903-இல், அவர் நிறுவனம் விற்றது வெறும் 51 ரேசர்களும் 168 பிளேடுகளும்தான் என்பது பலரும் சொல்லிச் சிரிக்கிற கணக்கு. கில்லெட்டின் பிளேடு ஒரு நோட்டுத் தாளின் தடிப்புத்தான். தனியாக விட்டால் தகடு மாதிரி ஆடும். ஆகவே அதை மேலும் கீழும் இரண்டு தகடுகளுக்கு நடுவே வளைத்துப் பிடித்து விறைப்பாக்கி, வாய் மட்டும் இம்மியளவு வெளியே தெரிய, அதற்கும் முன்னால் ஒரு காப்பு விளிம்பு வைத்தார்கள். கோணத்தை ரேசரின் தலையே பார்த்துக்கொண்டது. தன் முகத்தைத் தானே மழிக்க விரும்புகிறவனை நாவிதரிடமிருந்தும் சாணைக்கல்லிலிருந்தும் ஒருசேர விடுவிக்க வந்த கருவி அது.

விதியின் விளையாட்டைப் பாருங்கள். நாவிதரைத் தவிர்க்கச் செய்த அதே பிளேடை நாவிதர் கையிலெடுத்து, நடுவில் உடைத்து, காப்பு விளிம்பையும் வளைத்துப் பிடித்த தகடுகளையும் கழற்றி எறிந்துவிட்டு, பழைய கத்தியின் உருவத்தில் செருகிக்கொண்டார். நம் ஊரில் இந்த மாற்றத்தை வேகப்படுத்தியதில் நோய்ப் பயத்துக்குப் பெரும்பங்கு உண்டு. 1986-இல் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகள் கண்டறியப்பட்டதே சென்னையில்தான், டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் எடுத்த முயற்சியில். அதன் பிறகு வந்த வருடங்களில் ‘புது பிளேடு போடச் சொல்லுங்கள்’ என்பது சவரத்துக்குப் போகும் ஒவ்வொருவருக்கும் சொல்லப்பட்டது. உண்மையில் சவரக்கத்தி விஷயத்தில் எச்.ஐ.வி.யைவிட அஞ்சவேண்டியது ஹெப்படைடிஸ் பி. அந்தக் கிருமி உடம்புக்கு வெளியே ஏழு நாள்வரைகூட உயிர்ப்போடு இருக்கும். ஒரே தீட்டுக்கத்தியால் ஒரு நாளில் இருபது முகம் பார்க்கிறவர், ஒவ்வொரு முகத்துக்கும் நடுவே அதை முறையாகக் கிருமி நீக்குவது நடக்கிற காரியமில்லை. சலூனுக்குப் பாதி பிளேடுதான் சரி. அதில் எனக்கு மறுபேச்சே கிடையாது.

ஆனால் வீட்டில் ஒரே முகம், ஒரே கத்தி. சுகாதாரம் என்ற வாதம் வாசல்படியோடு நின்றுவிடுகிறது. அதற்குப் பிறகு, எது கற்றுக்கொள்ள உகந்தது என்று மட்டும்தான் பார்க்க வேண்டும்.

பிளேடை உடைப்பதிலிருந்தே தொடங்குகிறேன். டோபாஸோ, செவன் ஓ’க்ளாக்கோ, சூப்பர்மேக்ஸோ, எதுவானாலும் சுற்றியிருக்கிற தாளைப் பிரிக்கக்கூடாது. தாளோடு சேர்த்து நெடுக்காக மடித்தால் ‘டிக்’ என்று இரண்டாகும். அதில் ஒரு பாதியைப் பிடிப்பில் செருகி மூடவேண்டும். இவ்வளவுதான். இருபது வினாடியில், நான் மூன்று மாதம் கல்லோடு மல்லுக்கட்டியும் எட்டாத கூர் கையில் வந்துவிடுகிறது. ஆலையிலிருந்து வரும் பிளேடின் வாய், வீட்டில் தீட்டுகிற எந்தக் கத்தியின் வாயைவிடவும் பெரும்பாலும் கூரானது. 1960-களின் தொடக்கத்தில் துருப்பிடிக்காத எஃகு பிளேடுகள் வந்தபின், அவற்றின்மேல் வழுவழுப்பான பூச்சும் சேர்ந்தது. தோலில் தீட்டி முடித்த வாய்க்கு ஒரு சாந்தம் உண்டு. அதன் ஓரம் இம்மியளவு உருண்டு போயிருக்கும். ஆலை பிளேடுக்கு அந்தச் சாந்தம் கிடையாது. அது வெட்டத்தான் தெரிந்தது. எதை என்று பார்க்காது.

முகத்தில் வைக்கும்போது வித்தியாசம் இன்னும் பெரிதாகிறது. தீட்டுக்கத்தியைத் தோலோடு எந்தச் சாய்வில் வைப்பது என்பதற்கு முதுகே கணக்குச் சொல்லும். தோலுக்கும் முதுகுக்கும் நடுவே ஒரு முதுகுத் தடிப்புக்குச் சற்றுக் கூடுதலாக இடைவெளி விட்டால் ஏறத்தாழ 30 பாகை. கண்ணாடியில் பார்த்தே சரிசெய்துகொள்ளலாம். இரண்டு மூன்று பாகை முன்பின் ஆனாலும் அது மன்னிக்கும். பாதி பிளேடில் அப்படி ஒரு முதுகு இல்லை. தாள் தடிப்புள்ள பிளேடு பிடிப்பிலிருந்து ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான் எட்டிப் பார்க்கிறது. கத்தியைக் கொஞ்சம் தாழ்த்திப் படுக்கவைத்தால் பிடிப்பின் விளிம்பு தோலில் முட்டி, வாய் மேலே தூக்கிக்கொள்ளும்; மயிர் வெட்டுப்படாது. வெட்டவில்லையே என்று கை தானாக அழுத்தும். அழுத்திய நொடியில் சாய்வு மாறும். அப்போது விழுகிற வெட்டு வலிக்காது. நுரை சிவப்பாகும்போதுதான் தெரியும். என் இரண்டு மாதத்து ரத்தத்தில் முக்கால் பங்கு இந்த ஒரே பிழையால் வந்தது.

அடுத்தது கனம். ஐம்பது அறுபது கிராம் எடையுள்ள தீட்டுக்கத்தி தன் பாரத்திலேயே கீழே இறங்கும். கை செய்யவேண்டியது அதற்கு வழிகாட்டுவது மட்டும்தான். பிளாஸ்டிக் பிடியுள்ள பாதி பிளேடுக்குச் சொந்தப் பாரம் என்று சொல்லிக்கொள்ள ஏதுமில்லை. நாம்தான் பலம் கொடுக்கவேண்டும். எவ்வளவு கொடுப்பது என்று எந்தப் பழக்கமும் இல்லாத கைக்கு எப்படித் தெரியும்? பலம் கொடுக்கக் கற்ற கை பிறகு தீட்டுக்கத்திக்கு மாறும்போது, கொடுக்காமலிருக்கக் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது. முதல் பாடத்தை மறக்க எனக்கு முதல் பாடம் படித்ததைவிட அதிக நாளானது.

மூன்றாவது, மூலைகள். நல்ல தீட்டுக்கத்தியின் முனையைச் சற்று உருட்டி மழுக்கி விடுவார்கள். பாதி பிளேடுக்கு இரண்டு பக்கமும் கூரான மூலை. செருகும்போது ஒரு பக்கம் மயிரிழை அதிகமாக நீட்டிக்கொண்டிருந்தால் போதும், காது மடலுக்குக் கீழேயும் மோவாய் வளைவிலும் அந்த மூலை கோடு கிழிக்கும். நான் பாதி பிளேடில் பழகிய நாட்களில் எதிர்வீட்டு ஆச்சி, “புதுசா பூனை வாங்கியிருக்கியோ?” என்று கேட்டாள்.

பிறகு அந்தச் சத்தம். குழிவாகக் கடைந்த தீட்டுக்கத்தி மயிரை வெட்டும்போது வாய் அதிர்ந்து கரகரக்கிறது என்று சொன்னேன் அல்லவா, அது வாத்தியார். சாய்வு சரியாக இருந்தால் ஒரே சீரான கரகரப்பு. சாய்வு அதிகமானால் சுரண்டுகிற மாதிரி முரட்டுச் சத்தம். தட்டையானால் மௌனம். கண்ணாடியில் கண் பார்க்கமுடியாத தாடைக் கீழ்ப்பகுதியில் காது கை கொடுக்கிறது. மின்விசிறியை நிறுத்திவிட்டுத்தான் மழிக்கிறேன். பாதி பிளேடு பேசாது என்றில்லை. ஏதோ முணுமுணுக்கும். ஆனால் குட்டையான, இறுக்கிப் பிடித்த பிளேடிலிருந்து எழும் அந்த முணுமுணுப்பிலிருந்து எதையும் பிரித்தறிய என் காதுக்குத் தெரியவில்லை. பத்து வருடம் சலூனில் நின்றவருக்குத் தெரியலாம்.

மயிரை ஊறவைப்பதும் தோலை இழுத்துப் பிடிப்பதும் இரண்டுக்கும் பொது. இரண்டு மூன்று நிமிடமாவது வெதுவெதுப்பான நீர் தாடியில் ஊறவேண்டும். ஊறிய மயிர் உலர்ந்த மயிரைவிட எளிதாக வெட்டுப்படும். குளித்த கையோடு மழிப்பது உத்தமம். முதல் வாரம் கன்னம் மட்டும், மோவாய்க்கும் மீசைக்கும் போகக்கூடாது. முதல் மாதம் மயிர் சாய்ந்திருக்கும் திசையிலேயே, ‘எதிர்’ வேண்டாம். இவையெல்லாம் எல்லாரும் சொல்வது. சரியாகத்தான் சொல்கிறார்கள்.

எல்லாரும் சொல்லாத ஒன்று உண்டு. அதைச் சொல்ல ஒரு பிரெஞ்சுக்காரரைக் கூப்பிட வேண்டும். பாரிஸில் கத்திப் பட்டறை வைத்திருந்த ழான்-ழாக் பெரே, 1769-இல், தன்னைத் தானே மழித்துக்கொள்ளக் கற்பிக்கும் புத்தகம் ஒன்றை எழுதினார். மழிப்பது பிறர் கையால்தான் என்றிருந்த காலத்தில் அப்படியொரு புத்தகம் எழுதவேண்டும் என்று தோன்றியதே பெரிய விஷயம். கத்தியின் வாயை ஒட்டி மரக்காப்பு ஒன்றைப் பொருத்துகிற யோசனையும் அவருடையதுதான். ஒருவன் தன் முகத்தை மழிப்பது வேறு, இன்னொருவர் முகத்தை மழிப்பது வேறு என்பதைத் தொழில்முறையில் உணர்ந்தவர் என்றே அவரை நினைக்கிறேன்.

அந்த வேறுபாடு இந்த ஒப்பீட்டில் பெரிய பங்கு வகிக்கிறது. சலூன்காரர் முகத்தை நேராகப் பார்க்கிறார். இடது கையால் தோலை எந்தப் பக்கமும் இழுக்கலாம். சுற்றி வந்து நிற்கலாம். வீட்டில் நமக்கு இடம் வலம் மாறிய ஒரு பிம்பம்தான். வலது கையால் இடது கன்னத்துக்குப் போனால் கையே கண்ணை மறைக்கிறது. இடது கையையும் பழக்கியே தீரவேண்டும். ஆனால் சலூன்காரருக்குக் கிடைக்காத ஒன்று நமக்கு உண்டு. கத்தியின் மறுபக்கத்திலும் நாமே இருக்கிறோம். கை தருகிற அழுத்தத்தைத் தோல் உடனே திருப்பிச் சொல்கிறது. இந்த உரையாடல் நடக்கவேண்டுமானால் கருவி கொஞ்சம் மெதுவாகப் பேசவேண்டும். கூர் கொஞ்சம் சாந்தமாக இருக்கவேண்டும். தீட்டுக்கத்தியில் அந்த அவகாசம் இருக்கிறது. பாதி பிளேடில், தோல் ‘ம்’ என்பதற்குள் காரியம் முடிந்துவிடுகிறது.

இப்போது கணக்கைப் பாருங்கள். தீட்டுக்கத்தியில் நான் செய்த பிழைகளில் பெரும்பாலானவை கருவியின்மேல்தான் விழுந்தன. வாரில் வெட்டு, கல்லில் அதிகம் அழுத்தியதால் ஓர் இடத்தில் வாய் குழிந்தது, ஐப்பசி மழையில் துடைக்காமல் வைத்ததால் துருப்புள்ளி. கார்பன் எஃகு நம் ஊர் ஈரக்காற்றை ஒரு ராத்திரிகூடப் பொறுக்காது. உலரத் துடைத்து ஒரு சொட்டுத் தையல் மிஷின் எண்ணெய் தடவவேண்டும் என்று அப்போதுதான் கற்றேன். முகத்துக்கு வருமுன்னே பாடத்தில் பாதி முடிந்துவிடுகிறது. மழுங்கிய கத்தி முகத்தில் இழுக்கும், எரிக்கும், ஆனால் பெரும்பாலும் ஆழமாக வெட்டாது. எங்கே தவறு என்று நிதானமாகத் திரும்பிப் போய்த் தேடலாம். பாதி பிளேடில் கருவிக்கு ஒன்றும் ஆவதில்லை. ஏதாவது ஆனாலும் சில ரூபாய்தான் நட்டம். ஆனால் செய்கிற ஒவ்வொரு பிழையும் முகத்திலேயே எழுதப்படுகிறது.

தீட்டுக்கத்தியின் குறைகளை மறைக்க எனக்கு விருப்பமில்லை. நல்ல கத்தி, வார், ஒன்றிரண்டு கற்கள் என்று பல ஆயிரம் ஆகும். ஏமாறவும் வழி அதிகம். நான் முதலில் வாங்கியது கத்தி உருவத்தில் இருந்த ஏதோ ஒரு தகடு. எந்தக் கல்லிலும் அதற்கு வாய் வரவில்லை. இப்போது அது தபால் உறை பிரிக்கிறது. கடைக் கூர் என்பது காய்கறிக்குப் போதும், முகத்துக்குப் போதாது. தீட்டத் தெரிந்தவர் தீட்டிக் கொடுத்த கத்தியில்தான் தொடங்கவேண்டும். இல்லையென்றால் பிழை கையிலா கத்தியிலா என்று தெரியாமலே மாதங்கள் போகும். அந்த ஒரு விஷயத்தில் பாதி பிளேடு நேர்மையானது. அதில் கூர் எப்போதும் உறுதி. பிழை எப்போதும் நம் கையில்தான். அலுவலகம் ஓடும் அவசரத்தில், தீட்ட நேரமில்லாத ஒருவர் பாதி பிளேடையே கடைசிவரை பிடிப்பது என்று முடிவெடுத்தால் அதுவும் சரிதான். அதற்குரிய மெல்லிய கை, குட்டை இழுப்பு, இரண்டையும் தனியாகப் பழகட்டும். பாதி பிளேடைத் தீட்டுக்கத்திக்கு முன்னோட்டம் என்று நினைத்துப் பிடிப்பதைத்தான் வேண்டாம் என்கிறேன்.

சலூன்கள் திறந்த பிறகும் முடிவெட்டப் பழைய இடத்துக்கே போய்க்கொண்டிருந்தேன். பாளையங்கோட்டையில் சின்னக் கடை, முப்பது வயதுத் தம்பி. என் கன்னத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“என்ன அண்ணாச்சி, கோடு கோடா இருக்கு?”

“நானே போட்டுக்கிட்டது.”

விவரம் கேட்டார். சொன்னேன். எழுந்து வந்து என் கையில் தன் கத்தியைக் கொடுத்துப் பிடிக்கச் சொன்னார். பார்த்ததும் சிரித்துவிட்டார்.

“அழுத்துதிய அண்ணாச்சி. இது மயிலிறகு மாதிரி போணும். ஒரு விரக்கடைக்கு மேல இழுக்கப்படாது.” தன் முன்கையில் இழுத்துக் காட்டினார். அவர் கையில் அது உண்மையிலேயே இறகாகத்தான் இருந்தது. நான் இரண்டு மாதம் படாத பாடுபட்ட கருவி அவரிடம் வளர்த்த கிளி மாதிரி நடந்துகொண்டது.

தீட்டுக்கத்தி கைவந்த பிறகு ஒருநாள் அதையும் வாரையும் எடுத்துக்கொண்டு போய்க் காட்டினேன். தம்பியின் அப்பா தீட்டியிருக்கிறார், இவர் தீட்டியதில்லை. தொழிலுக்கு வந்த நாள் முதலே பாதி பிளேடுதான். கத்தியைப் பிரித்து வெளிச்சத்தில் வாயைப் பார்த்தார், முதுகைத் தடவினார், முன்கையில் நாலு மயிரை எடுத்துப் பார்த்துவிட்டு, “பட்டு மாதிரி இருக்கு” என்றார். பிறகு கண்ணாடி ஓரத்து ஆணியில் வாரை மாட்டச் சொன்னார். அப்பா செய்வதைப் பார்த்த ஞாபகம் கையில் இருந்திருக்க வேண்டும். முதல் இழுப்பு அழகாகப் போனது. இரண்டாவதும். ஐந்தாவதில் வேகம் பிடித்தது. கோடியில் திருப்பும்போது, ஒரு முகத்திலும் பிசகாத அந்தக் கை, கத்தியை வாயின் பக்கம் புரட்டியது.

சத்தமே வரவில்லை. தம்பி கத்தியை மெதுவாக மடக்கி என்னிடம் நீட்டினார். வாரில் இப்போது இரண்டு வெட்டு இருக்கிறது. நடுவில் இருப்பது என்னுடையது, கோடியில் இருப்பது அவருடையது.